யுத்தமும் ஒரு சர்வகலாசாலையும்

நியூயார்க்கின் கொலம்பியா சர்வகலாசாலை, தன் ஆசிரியர்கள் என்ன போதிக்கிறார்கள் என்று விசாரிக்க ஒரு கமிட்டி போட்டது 1917 மார்ச்சில். அமெரிக்கா யுத்தப் பிரகடனம் செய்தது ஏப்ரல் 6ல். அதாவது சர்க்காருக்கு ஒரு மாதம் முன்பாகவே கலாசாலை யுத்தத்துக்குத் தயாராகிவிட்டது. யாரும் கேட்டுச் செய்ததல்ல இது.

ஜூன் மாதப் பட்டமளிப்பு விழாவில் தலைவர் நிகலஸ் மர்ரே பட்லர் விஷயத்தை மறைக்காமலே சொன்னார். விவாதம் நடந்தவரை மாற்று அபிப்பிராயத்தைச் சகித்தோம், இனி அது துரோகம் என்பது பேச்சின் சாரம். இந்த பட்லர் அதுவரை உலக சமாதானத்துக்காக மேடை மேடையாய்ப் பேசிவந்தவர். 1931ல் சமாதானத்துக்கான நோபல் பரிசும் வாங்கினார். பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜேன் ஆடம்ஸ் யுத்தத்தை எதிர்த்ததற்காக வசவு வாங்கியவர் என்பது பரிசுக் கமிட்டியின் நகைச்சுவை உணர்வோ என்னவோ.

மாணவர்களில் பெரும்பாலோர் ஊரோடு ஒத்துப் போனார்கள். டிரில், ராணுவ முகாம் என்று கிளம்பினார்கள். கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்துப் பிரசுரம் தயாரித்த சிலர் கைதானார்கள். அவர்களில் ஒருவர் உளவியல் பேராசிரியர் காட்டெல்லின் மகன். விருப்பமில்லாதவர்களைக் கட்டாயப்படுத்தி ஐரோப்பாவுக்கு அனுப்பாதீர்கள் என்று காங்கிரஸ் அங்கத்தினர்களுக்குக் கடிதம் எழுதினார் தகப்பனார். அக்டோபரில் அவரையும், கவி லாங்ஃபெல்லோவின் பேரரான இலக்கிய ஆசிரியர் டேனாவையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். காட்டெல்லுக்கும் பட்லருக்கும் நெடுநாள் பகை. நிர்வாகத்தின் அதிகாரம் பற்றி 1913லேயே புத்தகம் போட்டவர் காட்டெல். யுத்தம் ஒரு சாக்காகவும் இருந்தது.

சரித்திர ஆசிரியர் சார்லஸ் பியர்ட் ஒரு வாரத்தில் ராஜிநாமா செய்தார். பியர்ட் யுத்தத்தை ஆதரித்தவர். தனக்கு உடன்பாடில்லாத அபிப்பிராயத்துக்காக வேலையை உதறினார் என்பதுதான் இதில் கவனிக்கவேண்டியது. ஊர்வலம் போவதைவிட இது கஷ்டமான காரியம்.

ஆனால் பிரச்னையின் வேர்வரை போனவர் இவர்களில் யாருமில்லை. கொலம்பியாவின் பழைய மாணவர் ராண்டால்ஃப் போர்ன்தான். பிறவியிலேயே முகம் சிதைந்தவர், கூன் விழுந்த குள்ள உருவம். தத்துவ ஆசிரியர் ஜான் டூயியிடம் படித்து அவரை வழிபட்டவர். (1913 முதல் 1916வரை அங்கே படித்த அம்பேத்கரும் டூயியின் மாணவர்தான்.) டூயி யுத்தத்தை ஆதரித்து எழுதியபோது போர்னுக்கு ஏற்பட்டது கோபம் மட்டுமல்ல. குருவின் தத்துவத்திலேயே கோளாறு இருக்கிறது என்று கண்டார். வழிமுறைகளை அலசத் தெரிந்த அந்தத் தத்துவத்துக்கு லட்சியங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே அது கற்றுக்கொடுத்த இளைஞர்கள் யுத்த இயந்திரத்துக்குத் திறமையான உத்தியோகஸ்தர்களாக மாறிவிட்டார்கள். யுத்தத்தைத் தடுக்க வலுவில்லாத புத்திஜீவிகள் அதை நல்ல வழியில் செலுத்த மட்டும் எப்படி வலுப்பெறுவார்கள் என்று கேட்டார்.

இவை வந்தது 'தி செவன் ஆர்ட்ஸ்' என்ற சிறு பத்திரிகையில். 1916 நவம்பரில் தொடங்கியது. போர்னின் கட்டுரைகளைப் பார்த்ததும் பணம் கொடுத்துவந்த சீமாட்டி கையை எடுத்துக்கொண்டார். 1917 அக்டோபர் இதழோடு நின்றது. மொத்தம் பன்னிரண்டு இதழ்கள். டூயி வாதத்துக்கு நேராகப் பதில் எழுதியதாகச் சொல்வதற்கில்லை. எனினும் பியர்டும் அவரும் சேர்ந்துகொள்ள, 1919ல் நியூயார்க்கில் நியூ ஸ்கூல் பிறந்தது.

1918 அக்டோபர் 1ல் ஐந்நூறுக்கு மேற்பட்ட கலாசாலைகளில் ஒரே நாளில் சுமார் 1,40,000 மாணவர்கள் ராணுவத்தில் சேர்க்கப்பட்டார்கள். விடுதிகள் பாசறைகளாயின. யுத்தம் எதற்காக என்று விளக்க ஒரு பாடமே வைத்தார்கள். விஷக்காய்ச்சல் நடுவில் புகுந்தது. நவம்பர் 11ல் சண்டை முடிய, டிசம்பரில் மாணவர் சேனையைக் கலைத்தார்கள். கொலம்பியா மட்டும் அந்தப் பாடத்தை விடவில்லை. அடுத்த வருஷமே அதைத் திருத்தி, சமகால நாகரிகம் என்று பெயர் வைத்து முதல் வருஷ மாணவர்களுக்குக் கட்டாயமாக்கியது.

அதே டிசம்பர் 22ல் போர்ன் அந்தக் காய்ச்சலில் இறந்தார். வயது 32. அரசு என்பது யுத்தத்தில்தான் தன் முழு வடிவத்தை அடைகிறது என்று அவர் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை முடியாமல் கிடந்தது.