கரணை யார் கையில்?

மாகறலைச் சம்பந்தர் பாடிய தலம் என்று சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. என் அம்மாவுக்கு அந்தப் பெருமைக்கெல்லாம் நேரம் இருந்ததில்லை. விடிகாலையில் பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் போய், மேஸ்திரி கூப்பிடுவாரா என்று ரோட்டோரம் குந்தியிருந்த சேரிப் பெண்களில் அவரும் ஒருவர். இருபத்திரண்டு வருஷம் சித்தாள். பாண்டு சுமந்தார், கலவை போட்டார், சாரத்தில் ஏறிச் செங்கல் கொடுத்தார். கரணையை மட்டும் தொட்டதில்லை. "ஒரு செவுராச்சும் நான் பூசிப் பாக்கறேன்னு கேட்டேன். மேஸ்திரி சிரிச்சிட்டாரு" என்று இன்றைக்கும் சொல்வார்.

நகரத்துக் கட்டட வேலைகளைச் சங்கத் தொழிலாளர்களுக்கே ஒதுக்க வேண்டும் என்று தோழர்கள் பேசும்போது எனக்கு அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வருகிறது. ஒதுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சியும். ஆனால் அந்தப் பேரேட்டில் யார் பெயர், எந்த வேலைக்கு எழுதப்படும்?

இந்தக் கோரிக்கை புதிதல்ல. மகாராஷ்டிரத்தில் 1969இல் வந்த மாத்தாடிச் சட்டம், சுமைதூக்கும் தொழிலாளர்களையும் முதலாளிகளையும் முத்தரப்பு வாரியத்தில் பதிய வைத்தது. கூலியே வாரியம் வழியாகத்தான். தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1985இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் கட்டடத் தொழிலாளர்களுக்கான தேசியப் பிரச்சாரக் குழு உருவானது. வேலையை ஒழுங்குபடுத்தும் முத்தரப்பு வாரியம் வேண்டும் என்பதே அதன் அடிப்படைக் கோரிக்கை. 1994இல் இங்கே நலவாரியம் கிடைத்தது. 1996இல் மத்தியச் சட்டம் வந்தது. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் தீர்வை, விபத்து உதவி, கல்யாண உதவி, ஓய்வூதியம் எல்லாம் வந்தன. பதிந்த தொழிலாளியைத்தான் வேலைக்கு வைக்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் வரவில்லை. வேலை கேட்டோம், செத்தால் பணம் தந்தார்கள்.

எனவே கோரிக்கையை மறுபடி எழுப்பத்தான் வேண்டும். எழுப்பும்போது இரண்டு பழைய கதைகளை மறக்கக் கூடாது.

ஒன்று, பம்பாய் ஆலைகள். அறுந்த நூலை வாயில் வைத்து எச்சிலால் ஒட்ட வேண்டும் என்பதால், கூலி அதிகமான நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதவர்களுக்கு இடமில்லை. முதலாளி மட்டும் அல்ல, கூட வேலை செய்த தொழிலாளியும் விடவில்லை. 1928 வேலைநிறுத்தத்தின்போது இதை எழுப்ப அம்பேத்கர்தான் வரவேண்டியிருந்தது. பட்டுத்தறி ஊரில் இருக்கும் நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, அமெரிக்காவின் பிலடெல்பியா. அங்கே கட்டட வேலைக்குச் சங்க அலுவலகமே ஆள் அனுப்பியது. அப்பன், பிள்ளை, மச்சான் என்று உறுப்பினர் இடம் உறவுக்குள்ளேயே போனதால் கறுப்பர்கள் வெளியே நின்றார்கள். 1969இல் அரசு தலையிட்டு, அரசுப் பணத்தில் நடக்கும் கட்டட வேலைகளில் கறுப்பர்களுக்கு இலக்கு வைக்கச் சொன்னது. எதிர்த்தவர்களில் தொழிற்சங்கத் தலைவர்களும் இருந்தார்கள். மூடிய சங்கம் இன்னொரு ஊர்த்தெருதான்.

இன்று ஒடிசாக்காரனும் பீகாரியும் வந்து நம் பிழைப்பைக் கெடுத்துவிட்டான் என்கிறார்கள். 2014 ஜூன் 28இல் மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் செத்தார்கள். ஆந்திரத்துக்காரர்கள், ஒடிசாக்காரர்கள், நம்மவர்கள் எல்லாரும் ஒரே இடிபாட்டில்தான் கிடந்தார்கள். அவர்களை வெளியே தள்ளும் பேரேடு நமக்கு வேண்டாம்.

வேலையைச் சங்கத்துக்கு ஒதுக்குங்கள். அதோடு சங்கத்தையும் திறந்து வையுங்கள். வெளிமாநிலத்தவர் பெயரையும் பதியுங்கள். சித்தாளாகப் பதிந்த பெண்ணுக்குக் கொத்துவேலை பழக்கி, கொத்தனார் கூலி கொடுங்கள். எங்கள் தெருப் பெண்கள் கையில் கரணை வராத வரைக்கும், அந்தச் சங்கத்தை எங்கள் சங்கம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.