கட்டியக்காரனின் வாரிசுகள்: தமிழ் நகைச்சுவையில் சமூக நீதியின் தடம்

தெருக்கூத்தில் ராஜா வருவதற்கு முன்பே கட்டியக்காரன் வந்துவிடுகிறான். வடதமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் திருவிழாவையொட்டி விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில் அவனுக்குத்தான் வேலை அதிகம். இன்றைக்கு என்ன கூத்து என்று சொல்வது, திரைக்குப் பின்னால் நிற்கும் வேடத்தைச் சபைக்கு அறிமுகம் செய்வது, ராஜாவுக்குக் கட்டியம் கூறுவது எல்லாம் அவன் பொறுப்பு. துரியோதனன் பாட்டும் செந்தமிழ் வசனமுமாக முழங்க, கட்டியக்காரன் அந்த ஊர்ப் பேச்சில் மறுமொழி சொல்வான். எந்த நாடு, எந்த ஊர் என்று ராஜாவை விசாரிக்கும் சாக்கில் ரேஷன் கடை வரிசையும் உள்ளூர்ப் பெரியதனக்காரரின் கஞ்சத்தனமும் பாரதத்துக்குள் நுழைந்துவிடும். அவனே காவலாளி ஆவான், தோழி ஆவான், குடிமகன் ஆவான். ஆனால் கதையில் அவனுக்கென்று ஒரு கதி கிடையாது. கதைக்கு வெளியே நிற்பதால் ராஜாவைக் கேலி செய்ய முடிகிறது; அதே காரணத்தால் ராஜாவின் கதையை அவனால் ஒரு அங்குலமும் நகர்த்த முடிவதில்லை. தமிழ் நகைச்சுவை சமூக விமர்சனமாக வளர்ந்த வரலாற்றில் இந்தச் சலுகையும் இந்தத் தடையும் சேர்ந்தே வருகின்றன.

கூத்துக் களத்திலிருந்து கொட்டகைக்கு வந்தபோதும் கட்டியக்காரனின் அந்த இடம் மாறவில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்களை இன்றும் நடத்தும் 'ஸ்பெஷல் நாடக' மரபில் முதலில் மேடையேறுபவர் பபூன்தான். அவருக்கும் டான்ஸ் ஆடும் பெண்ணுக்கும் நடக்கும் தர்க்கம் முடிந்து, வள்ளியும் முருகனும் தலைகாட்ட வெகுநேரம் ஆகிவிடும். நகரத்துப் படித்தவர்களின் மேடையில் பம்மல் சம்பந்த முதலியார் வேறு வழி பார்த்தார். அவருடைய 'சபாபதி'யில் எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். இருவரும் ஒருவருக்கொருவர் சளைக்காத அசடுகள். ஜமீன்தாரை அசடாகக் காட்டியதே ஒரு துணிச்சல்தான். என்றாலும் அதில் சிரிப்புண்டு, கோபமில்லை. 1941இல் ஏ.வி. மெய்யப்பன் தயாரிப்பில் டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் நடித்துப் படமாக வந்தபோதும் அப்படியே இருந்தது.

கோபத்தையும் சிரிப்பையும் ஒரே இலையில் பரிமாறியவர் 'கலைவாணர்' என்.எஸ். கிருஷ்ணன். 1908இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தவர். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டு காதில் விழுந்தபடியே வளர்ந்து, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் பயின்று, 1935இல் 'மேனகா' மூலம் திரைக்கு வந்தார். 1936இல் வந்த 'வசந்தசேனா' படத்தில் டி.ஏ. மதுரத்தைச் சந்தித்தார், திரையில் ஜோடியானவர்கள் வாழ்க்கையிலும் இணைந்தார்கள். கிருஷ்ணன் தமக்கென்று ஒரு நடிகர் குழுவை வைத்துக்கொண்டு, தமது பகுதியைத் தாமே அமைத்து, படத்தின் மூலக் கதையோடு ஒட்டியும் ஒட்டாமலும் நடித்தார். படத்துக்குள் இன்னொரு சிறு படம் ஓடியது எனலாம். முதலாளிகளுக்கு வேண்டியது கொட்டகையில் சிரிப்பு. அதற்குள் என்ன பேசப்படுகிறது என்பதைத் துருவிப் பார்க்க அவர்களுக்கு அவசியமில்லை. கட்டியக்காரனின் சலுகை இங்கே வியாபார ஏற்பாடாகவே மாறியது.

அந்தச் சிறு படங்களின் களம் பெரும்பாலும் திண்ணையும் அடுப்படியும்தான். மூடநம்பிக்கை, போலிச் சாமியார், தீண்டாமை, குடி என்று எதை எடுத்தாலும் அது புருஷன் பெண்டாட்டி வாய்ச்சண்டையாகவே தொடங்கும். மேடைப் பிரசங்கம் கேட்டால் நெளிகிற கூட்டம், இந்தச் சண்டையைத் தன் வீட்டுச் சண்டையாக எடுத்துக்கொண்டது. இதில் மதுரத்தின் பங்கு போதுமான அளவு பேசப்பட்டதில்லை. அவர் வெறுமனே கேட்டுத் தலையாட்டும் மனைவியல்ல. மடக்கிக் கேள்வி கேட்பவர். எதிரே இருப்பவர் ஈடுகொடுத்துப் பேசாவிட்டால் கிருஷ்ணனின் வாதம் வெறும் உபதேசமாக உறைந்திருக்கும்.

கிருஷ்ணனுக்கு மக்களோடு இருந்த உறவு எவ்வளவு உறுதியானது என்பதற்குச் சோதனையும் வந்தது. 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையுண்ட வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதாகித் தண்டிக்கப்பட்டார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். பாகவதரின் திரைவாழ்க்கை பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. கிருஷ்ணனை மக்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஏற்றுக்கொண்டார்கள். ஏழிசை மன்னர் எட்டத்தில் இருந்தவர். சிரிக்க வைத்தவர் வீட்டு மனிதர் என்பதைத் தவிர இந்த வேறுபாட்டுக்குப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

கட்டியக்காரன் முதன்முதலாகக் கதையின் நடுவுக்கு வந்தது 1949இல் வெளியான 'நல்லதம்பி'யில். அண்ணாதுரை எழுத, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய அந்தப் படத்தில் நாயகனே என்.எஸ். கிருஷ்ணன்தான். 1948 அக்டோபரில் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்திருந்த நேரம். படமும் குடிக்கு எதிராகப் பேசியது. ஆனால் நின்றது 'கிந்தனார்' கதாகாலட்சேபம். அதன் அருமையை உணர 'நந்தனார்' எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது என்பது தெரிய வேண்டும். தீண்டாமைக்கு ஆளான பக்தன் நந்தன் சிதம்பரம் போக ஏங்கி, தீக்குளித்து ஜோதியில் கலந்ததாகச் சேக்கிழார் சொன்ன திருநாளைப்போவார் கதைக்கு, 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி தமது கீர்த்தனையில் வேதியர் என்ற பண்ணை முதலாளியைச் சேர்த்தார். அனுமதிக்காகக் கெஞ்சும் நந்தன் கச்சேரியிலும் காலட்சேபத்திலும் கேட்டவர்களை அழவைத்தான். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கி நந்தனாராக நடித்தார். 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்தார். அழுதவர்களில் பலர் கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் சேரிப் பக்கம் திரும்பியும் பார்க்காதவர்கள்.

கிருஷ்ணன் நந்தனைக் கேலி செய்யவில்லை. நந்தன் கதையைச் சொல்லும் முறையை அப்படியே இரவல் வாங்கினார். பாகவதர் நின்று சொல்ல, பின்பாட்டுக்காரர் இடையிடையே ஆமாம் போட, பாட்டும் வசனமும் மாறி மாறி வரும் காலட்சேபக் கட்டு சற்றும் கலையவில்லை. உள்ளே இருப்பது மட்டும் வேறு. கிந்தனுக்குச் சிதம்பரம் போகும் ஆசை இல்லை, படிக்கும் ஆசை. தடுப்பவர் வேதியரல்ல, வாத்தியார். அடிபட்டவன் ரயிலேறிச் சென்னைக்குப் போகிறான். எல்லாச் சாதியையும் ஒரே பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஓடும் ரயில், கனகசபை செய்யாததைச் செய்துவிடுகிறது. படித்து முடித்தவன் கல்வி அதிகாரியாக அதே ஊருக்குத் திரும்ப, அடித்த வாத்தியாரே வரவேற்க நிற்கிறார். ஜோதியில் கலப்பதற்குப் பதிலாகப் பரீட்சையில் தேறுவது! சபை சிரித்த இடங்களெல்லாம் அது முன்பு அழுத இடங்கள். ஒருவன் படித்து முன்னேறினால் போதுமா, ஊர் அப்படியேதானே இருக்கிறது என்று கேட்டால் கிந்தனாரிடம் முழு விடை இல்லை. ஆனாலும் தீக்குளிப்பைக் கதையிலிருந்து அகற்றியதே பெரிய காரியம்.

1957இல் கிருஷ்ணன் இறந்தார். காந்திக்கு நாகர்கோவிலில் தன் செலவில் நினைவுத்தூண் எழுப்பியவர், திராவிட இயக்கத்தாரோடும் நெருங்கிப் பழகியவர் என்பதால் அவரை எந்தக் கட்சியும் பகைக்கவில்லை. எம்.ஆர். ராதா நேர் எதிர். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' மேடையிலும் 1954இல் திரையிலும் அவரை நிலைநிறுத்தியது. கிருஷ்ணன் சிரித்துக்கொண்டே கேட்டதை ராதா கரகரத்த குரலில் அதட்டிக் கேட்டார். மேடையில் அன்றன்றைய செய்தியை வசனத்துக்குள் இழுத்துவிடுவார். நேற்று பார்த்த நாடகம் இன்று வேறாக இருக்கும். அவருடைய ராமாயண நாடகம் கிளப்பிய புயலுக்கு நடுவே, 1954இல் மாநில அரசு நாடகங்களைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. எழுதாத வசனத்தை எந்தத் தணிக்கை பிடிக்கும் என்ற திகைப்பு அதில் தெரிகிறது. அந்தச் சட்டத்தின் பிடி 2013இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பால்தான் தளர்ந்தது. வழக்குத் தொடுத்தவர் எழுத்தாளர் ஞாநி.

இந்த ஆயுதம் ஒரு தரப்புக்கு மட்டும் சொந்தமானதல்ல. 1968இல் மேடையேறிய 'முகமது பின் துக்ளக்'கில் சோ அதே கிண்டலை ஆட்சியாளர்களின் பக்கம் திருப்பினார். பிறகு வந்த சில பத்தாண்டுகளில் திரை நகைச்சுவை வேறு பாதையில் போயிற்று. கவுண்டமணி–செந்தில் இணையின் வேகமும் பேச்சுத் தெறிப்பும் அசாத்தியம். கவுண்டமணி பெரிய மனிதர்களையும் நாயகனையும் விட்டுவைத்ததில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் கணிசமான பங்கு செந்திலின் நிறத்திலிருந்தும் உடலிலிருந்தும் பிழியப்பட்டது. அடி வாங்குபவன் எப்போதும் கீழே இருப்பவனாகவே இருந்தான். 'சின்னக் கலைவாணர்' என்று அழைக்கப்பட்ட விவேக் (1961–2021) தனிப் பகுதியை மறுபடியும் கருத்து சொல்லும் களமாக்கினார். 2003இல் வந்த 'சாமி'யில் அவர் சாதியைச் சாடிப் பேசுவதற்குக் கைதட்டல் அதிர்ந்தது. ஆனால் அக்காட்சிகளை வெட்டி எடுத்துத் தொலைக்காட்சியில் தனியே ஓட்டினாலும் படத்துக்கு ஒரு குறையும் வராது. அப்படித்தான் ஓட்டவும் செய்தார்கள்.

தனிப் பகுதி என்ற ஏற்பாடே அண்மை ஆண்டுகளில் தேய்ந்துவருகிறது. 2021இல் மடோன் அஸ்வின் இயக்கிய 'மண்டேலா'வில் நகைச்சுவை நடிகர் யோகி பாபு முடிதிருத்துபவராக, கதையின் நடுவில் நிற்கிறார். வடக்கூர், தெக்கூர் என்று சாதியால் பிளந்த ஊரில் முடி வெட்டுவதோடு ஏவிய எடுபிடி வேலைகளையும் செய்து, மரத்தடியில் படுத்துறங்கும் அவருக்குச் சொந்தப் பெயர்கூட இல்லை. கூப்பிடுபவர்கள் இளிச்சவாயன் என்கிறார்கள். சேர்த்து வைத்த பணத்தைப் போட்டு வைக்க அஞ்சலகம் போனால் கணக்குத் தொடங்க அடையாள அட்டை வேண்டும், அட்டைக்குப் பெயர் வேண்டும். அங்கே வேலை பார்க்கும் பெண் எடுத்துக்கொடுத்த பெயர்களிலிருந்து நெல்சன் மண்டேலா என்பது பொருந்துகிறது. அந்த ஒரு பெயரால் வந்த ஒரு ஓட்டுதான் ஊராட்சித் தேர்தலின் முடிவைத் தீர்மானிக்கப்போகிறது என்றானதும், நேற்றுவரை ஏவிய இரு தரப்பும் அவர் பின்னால் அலைகின்றன. கிந்தன் ரயிலேறிப் போய்த்தான் மரியாதை தேட வேண்டியிருந்தது. மண்டேலா அந்த ஊரின் அதே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்.