ஒடிஷ் ஏன் அலறுது?

போக்கிமொன் விளையாடின ஆக்களுக்கு ஒடிஷைத் தெரியாமல் இருக்காது. 1996 பெப்ரவரி 27ஆம் திகதி ஜப்பானில் கேம் போய்க்கு வந்த முதல் இரண்டு கேம்களிலேயே அது இருக்கிறது. 151 போக்கிமொன்களில் 43ஆவது இலக்கம். நீல நிற உருண்டை உடம்பு, குட்டிக் கால் இரண்டு, கை இல்லை, தலையில் ஒரு பிடி இலை. ஜப்பானியப் பெயர் நாசொனொகுசா, அதாவது 'மர்மப் புல்'. பிகாச்சு மாதிரி ஸ்டார் ஒன்றும் இல்லை. பிடித்து, கொஞ்ச நாள் வளர்த்து, பிறகு பெட்டிக்குள் போட்டு மறந்துபோகிற வகை.

ஆனால் அதைப்பற்றிய போக்கெடெக்ஸ் குறிப்புகளைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். பகலில் முகத்தை மண்ணுக்குள் புதைத்து வைத்திருக்கும், இரவில் எழும்பித் திரிந்து விதை தூவும் என்கிறது ஒன்று. யெல்லோ பதிப்பில் வருகிற குறிப்பு இன்னும் சுவாரசியம்: களை என்று நினைத்துப் பிடுங்கப் போனால் பயங்கரமாக அலறுமாம்.

இந்த அலறல் கேமில் பிறந்ததில்லை. ஹரி போட்டரின் இரண்டாவது கதையில் மாணவர்கள் காதை மூடிக்கொண்டு சாடி மாற்றுவார்களே, மாண்ட்ரேக் என்ற செடி, அதுவும் இப்படித்தான் அலறும். மண்ணுக்குள் உடம்பு, மேலே இலை, பிடுங்கினால் அலறல். ஒடிஷ் அந்தப் பழைய கதையின் கடைக்குட்டி. மாண்ட்ரேக் கற்பனைச் செடி இல்லை. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் இன்றைக்கும் வளர்கிறது. எந்தச் செடியும் அலறாது என்பது எல்லாருக்கும் தெரியும். பிறகு ஏன் இந்தச் செடிக்கு மட்டும் ஒரு அலறலைக் கொடுத்தார்கள்?

முதலில் செடியைப் பார்ப்போம். தண்டு என்று சொல்ல ஒன்றுமில்லை, இலைகள் நிலத்தோடு படிந்து கிடக்கும். வேர் தடித்து, பல நேரம் இரண்டாகப் பிரிந்து மனிசக் கால் மாதிரி இருக்கும். கத்தரிக் குடும்பம். கத்தரி, தக்காளி, மிளகாய், எங்கட வேலியோரத்து ஊமத்தை எல்லாம் இதற்குச் சொந்தக்காரர். பைபிளின் ஆதியாகமத்தில் ராகேலும் லேயாளும் ஒரு கனிக்காகப் பேரம் பேசுவார்கள். தமிழ் வேதாகமம் அதை எபிரேயச் சொல்லிலேயே 'தூதாயீம்' என்று விட்டிருக்கிறது. அது மாண்ட்ரேக் கனி என்றுதான் பெரும்பாலும் விளக்கம் சொல்கிறார்கள். பிள்ளைப்பேற்றுக்கு உதவும் என்ற நம்பிக்கை அவ்வளவு பழையது.

ஆனால் அதன் பெரிய வேலை வேறு. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் டயொஸ்கொரிடீஸ், வெட்டவோ சூடு போடவோ போகிற நோயாளிக்கு மாண்ட்ரேக் வேரில் செய்த வைனைக் கொடுக்கலாம், வலி தெரியாது என்று எழுதினார். அந்த உணர்வற்ற நிலைக்கு அவர் பயன்படுத்திய கிரேக்கச் சொல்தான் இன்று ஆங்கிலத்தில் மயக்க மருந்துத் துறையின் பெயராக இருக்கிறது. கூடக் குடித்தால் உயிர் போகும் என்றும் அவரே எச்சரித்தார். வேருக்குள் இருக்கிற ஹையோசயமீனும் ஸ்கொபொலமீனும் செய்கிற வேலை இது. அளவு சரியென்றால் மருந்து, தப்பினால் நஞ்சு.

அப்படியென்றால் இது விலைபோகிற பொருள். பெறுமதியான வேரைச் சுற்றிப் பயம் முளைப்பதில் புதுமை இல்லை. டயொஸ்கொரிடீஸுக்கு முன்னூறு வருசத்துக்கும் மேல் முந்திய தியொஃப்ராஸ்டஸ் என்ற கிரேக்க அறிஞர், வேர் வெட்டுகிறவர்களும் மருந்து விற்கிறவர்களும் சொல்கிற கதைகளைப் பதிந்து வைத்திருக்கிறார். மாண்ட்ரேக்கைச் சுற்றி வாளால் மூன்று வட்டம் கீற வேண்டுமாம், மேற்கே பார்த்து வெட்ட வேண்டுமாம். இப்படியான கதைகளில் மிகைப்படுத்தல் இருக்கிறது என்று அவருக்கு அப்பவே விளங்கியிருந்தது. வேர் வெட்டுகிறவனுக்கு இந்தக் கதையால் இரண்டு லாபம்: மற்றவன் கை வைக்கமாட்டான், விலையும் ஏறும்.

பிறகு கதைக்குள் ஒரு நாய் வருகிறது. 1ஆம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசீஃபஸ் ஒரு ஆபத்தான வேரைப்பற்றி எழுதும்போது, அதைச் சுற்றிக் கிண்டி, ஒரு நாயைக் கட்டிவிட்டு நடந்தால், பின்னால் ஓடிவருகிற நாய் வேரை இழுத்துவிட்டு மனிசனுக்குப் பதிலாகச் சாகும் என்கிறார். இந்தக் கதை மாண்ட்ரேக்கோடு ஒட்டிக்கொண்டது. கி.பி. 512 அளவில் கொன்ஸ்தாந்திநோபிளில் எழுதப்பட்டு, இப்போது வியன்னாவில் இருக்கிற டயொஸ்கொரிடீஸ் சுவடியில், வேரைக் கையில் வாங்கும் வைத்தியரின் பக்கத்தில் அந்த நாய் செத்துக்கொண்டிருக்கிறது. அதுவரை அலறல் இல்லை. மத்திய கால ஐரோப்பாவில்தான், நாய் சாவது வேரின் அலறலைக் கேட்டு என்று கதை முற்றுப்பெறுகிறது.

இந்தப் பயம் புத்தகத்தோடு நிற்கவில்லை. 1431இல் பிரான்ஸில் ஜோன் ஒஃப் ஆர்க்கை விசாரித்தவர்கள், நீ மாண்ட்ரேக் வைத்திருந்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். ஆனாலும் குற்றப்பட்டியலில் அது ஏறியது. அவள் எரிக்கப்பட்டதற்கு வேர் காரணமில்லைதான். ஆனால் வைத்தியரின் கையில் மருந்தாக இருந்தது, ஒரு விவசாயி வீட்டுப் பெட்டையின் பெயரோடு சேர்ந்ததும் சூனியமாகிவிட்டதைக் கவனியுங்கள்.

1597இல் ஆங்கிலேய மூலிகை நூலாசிரியர் ஜோன் ஜெராட் இதற்கு எளிமையான பதில் சொன்னார். தானும் தன் வேலையாட்களும் மாண்ட்ரேக்கைக் கிண்டி எடுத்து, திரும்ப நட்டு எல்லாம் பார்த்துவிட்டோம், ஒன்றும் நடக்கவில்லை என்றார். வேறு செடியின் வேரை மனிச உருவில் செதுக்கி ஏமாற்றுகிறவர்களையும் திட்டினார். ஆனாலும் அலறல் சாகவில்லை, கேம் போய் வரைக்கும் வந்து சேர்ந்தது.

ஒடிஷ் பிறந்த ஜப்பானுக்கும் இதே மாதிரி ஒரு வரலாறு உண்டு. அங்கே செடி மாண்ட்ரேக் இல்லை, ஊமத்தை. வேதியியல் ஏறக்குறைய ஒன்றுதான். 1804 ஒக்டோபர் 13, ஹனவொகா செய்ஷூ என்ற வைத்தியர் ஊமத்தையை முக்கிய சேர்மானமாகக் கொண்ட மருந்தைக் குடிக்கக் கொடுத்து, ஒரு பெண்ணின் மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்தார். அமெரிக்காவின் பொஸ்டனில் ஈதர் மயக்கத்தைப் பகிரங்கமாகக் காட்டியதற்கு 42 வருசம் முந்தி. அந்த மருந்தின் அளவைக் கண்டுபிடிக்க அவருடைய தாயும் மனைவி கயேயும் தாங்களே அதைக் குடித்தார்கள் என்றும், கயேக்குக் கண்பார்வை போனது என்றும் சொல்லப்படுகிறது. 1966இல் சவாகோ அரியோஷி இதை நாவலாக எழுதினார், அந்தப் பெண்களின் பக்கமிருந்து.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். மாண்ட்ரேக் செய்த வேலை கத்திக்குக் கீழே கிடக்கிற மனிசனின் அலறலை நிறுத்துவது. மனிசன் அலறாமல் இருக்கப் பண்ணின செடியின் வாயில்தான் கதை அலறலை வைத்தது. எனக்கு விளங்குகிற விதத்தில் அது ஒரு கணக்கு. வலி சும்மா மறையாது, வேறொருவர் அதைச் சுமக்கிறார் என்று பழைய ஆக்களுக்குத் தெரிந்திருந்தது. கதையில் அது நாய். வகாயமாவில் அது கயே. ஒரு பேரரசனின் பெயர் தெரிந்த அளவுக்கு அவர்களை எங்களுக்குத் தெரியாது.

ரெட், ப்ளூ கேம்களில் ஒடிஷ் 15ஆம் லெவலில் நச்சுத்தூளும் 19ஆம் லெவலில் உறக்கத்தூளும் பழகும். இடையில் நாலே நாலு லெவல். டயொஸ்கொரிடீஸ் எச்சரித்ததும் அந்தச் சின்ன இடைவெளியைத்தான். எங்கட நாட்டு ஆஸ்பத்திரிகளில் பூச்சிநாசினி குடித்து வருகிறவரைக் காப்பாற்ற ஏற்றுகிற அத்ரோபீனும் இதே குடும்பத்துச் செடிகளில் இருந்து அறியப்பட்டதுதான். தனியே எடுத்தால் நஞ்சு, அந்தக் கட்டிலில் அது உயிர். அந்த அளவைச் சரியாகக் கணக்கிட்டுக் கொடுக்க, தங்கள் உடம்பில் பரிசோதித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.