ஏழு மாசமா ரசம் சோறு: நிறுத்தின சாப்பாட்டை எப்போ திரும்பக் கொடுக்கிறது?

1/ காசிமேட்டிலிருந்து ஒரு பாட்டி, ஒன்றரை வயசுப் பேரனைத் தூக்கிட்டு வந்தாங்க. கையில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். முட்டை, பால், மீன், கோதுமை, வேர்க்கடலை அஞ்சுக்கும் நேரே 'பாசிட்டிவ்'. அஞ்சையும் நிறுத்திட்டாங்க. ஏழு மாசமா இட்லியும் ரசம் சோறும்தான். அந்த ஏழு மாசத்துல எடை அரை கிலோதான் ஏறியிருக்கு. "மீன் ஏலம் எடுக்கிற வூட்ல பொறந்த புள்ள, மீன் துன்னக் கூடாதுன்னா எப்டி சார்?"னு பாட்டி கேட்டாங்க. நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கொஞ்சம் வரலாறு வேணும்.

2/ 'அலர்ஜி' என்ற சொல்லுக்கு வயசு 120 தான். 1906-ல் வியன்னாவில் க்ளெமென்ஸ் ஃபான் பிர்கே என்ற குழந்தை மருத்துவர் உருவாக்கியது. குழந்தைகளுக்குக் குதிரை சீரம் ஊசி போட்ட காலம் அது. முதல் தடவை போட்டபோது வந்த விளைவு ஒரு மாதிரி, இரண்டாவது தடவை வேற மாதிரி இருந்ததைக் கவனித்தார். உடம்பு ஒரு பொருளுக்குக் காட்டும் எதிர்வினை மாறிப்போவதைத்தான் அவர் அலர்ஜி என்றார். இன்னைக்கு நாம சாப்பிட்டது ஒத்துக்கலைனாலே அலர்ஜினு சொல்லிடறோம்.

3/ அடுத்த கதையில் மீன் வருது. 1921, ஜெர்மனியின் ப்ரெஸ்லாவ் நகரம் (இன்று போலந்தில் இருக்கு). ஹெய்ன்ஸ் குஸ்ட்னர் என்ற மருத்துவருக்கு மீன் சாப்பிட்டா ஒத்துக்காது. அவருடைய சீரத்தை எடுத்து, சக மருத்துவர் ப்ராஸ்னிட்ஸ் தன் தோலுக்குள்ளேயே ஊசியாக ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். தடிச்சு, சிவந்து, அரிச்சது! மீன் அலர்ஜியே இல்லாதவர் தோலில் மீன் அலர்ஜி. ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்றுதான் காரணம் என்பது அன்று தெரிந்தது.

4/ அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்பது 1960-களின் பிற்பகுதியில்தான் தெரிந்தது. அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும், ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். பெயர் ஐஜிஇ. பாட்டி கையில் இருந்த ரிப்போர்ட் அளப்பது இதைத்தான்.

5/ இங்கேதான் குழப்பம் ஆரம்பிக்குது. ரத்தத்தில் ஐஜிஇ இருந்தா, உடம்பு அந்த உணவை அடையாளம் வச்சிருக்குனு மட்டும்தான் அர்த்தம். சாப்பிட்டா கண்டிப்பா ஏதாவது ஆகும்னு அர்த்தம் இல்லை. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. ஏதாவது ஓர் உணவுக்கு ஐஜிஇ இருந்தவர்கள் 26.5%. அலர்ஜியாக இருக்கலாம் என்று கருதத்தக்கவர்கள் 1.2% மட்டுமே. பாசிட்டிவ் வந்த எல்லாரையும் பத்தியம் இருக்கச் சொன்னா எத்தனை பேர் சும்மா பட்டினி கிடப்பாங்கனு யோசிச்சுப் பாருங்க.

6/ நாங்க டாக்டர்களும் தப்பு பண்ணியிருக்கோம். 2000-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, அலர்ஜி வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்குப் பாலை 1 வயசு வரையும், முட்டையை 2 வயசு வரையும், வேர்க்கடலையையும் மீனையும் 3 வயசு வரையும் தள்ளிப்போடச் சொன்னது. நல்லெண்ணம்தான், ஆனா ஆதாரம் பலமா இல்லை. 2008-ல் அந்த அறிவுரையைக் கைவிட்டார்கள்.

7/ அதே 2008-ல் இன்னொரு ஆய்வு வந்தது. பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளுக்கு வேர்க்கடலை அலர்ஜி, இஸ்ரேல் குழந்தைகளைவிடச் சுமார் 10 மடங்கு அதிகம். இஸ்ரேலில் பல் முளைக்கும் வயசிலேயே கடலை சேர்த்த பொரி தின்பண்டம் கொடுப்பாங்க. பிரிட்டனில் தள்ளிப்போட்டாங்க. அப்போ தள்ளிப்போட்டதுதான் காரணமா?

8/ 2015-ல் லண்டனிலிருந்து பதில் வந்தது. கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 கைக்குழந்தைகள். பாதிப் பேருக்குக் கடலை கொடுத்தார்கள், மீதிப் பேருக்குத் தவிர்த்தார்கள். 5 வயசில் பார்த்தால், தவிர்த்தவர்களில் 17.2% பேருக்குக் கடலை அலர்ஜி. சாப்பிட்டவர்களில் 3.2% பேருக்குத்தான். (தோல் பரிசோதனையில் பெரிய தடிப்பு வந்த குழந்தைகளை இதில் சேர்க்கவே இல்லை என்பதையும் சொல்லிடணும்.) பாதுகாப்புனு நினைச்சு நிறுத்தினதே ஆபத்தை வளர்த்திருக்கு.

9/ சரி, நம்ம பையனுக்கு வருவோம். ரிப்போர்ட்டை மடிச்சு வச்சிட்டுக் கேள்வி கேட்டேன். எதைச் சாப்பிட்டான்? எவ்வளவு? எத்தனை நிமிஷத்துல என்ன ஆச்சு? முட்டை சாப்பிட்டு இருபது நிமிஷத்துல முகமெல்லாம் தடிப்பு, ஒரே ஒரு தடவை. பால், கோதுமை, கடலை, மீன் நாலும் பரிசோதனைக்கு முன்னாடி சாப்பிட்டுக்கிட்டுதான் இருந்தான். ஒண்ணும் ஆகலை!

10/ 'அப்போ இன்னைக்கே வீட்ல குடுத்துடலாமா?' கூடாது. கரப்பான் உள்ள குழந்தைக்கு ஒரு உணவை மாசக்கணக்கா நிறுத்தினா, பழைய சகிப்புத்தன்மை போய், திரும்பக் கொடுக்கும்போது பெரிய ரியாக்‌ஷன் வரலாம். இவனுக்கும் கரப்பான் உண்டு. அதனால் அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ஆஸ்பத்திரியில் வச்சு, ஒரு நாளைக்கு ஒரே உணவு. முதலில் நகத்தளவு. 20 நிமிஷம் பார்த்துட்டுக் கொஞ்சம் கூட்டி, மறுபடி பார்த்து. மீன் அன்னைக்குப் பாட்டியே சங்கரா குழம்பு வச்சு, முள் எடுத்துப் பிசைஞ்சு கொண்டுவந்தாங்க.

11/ நாலும் பாஸ். முட்டை மட்டும் நகத்தளவிலேயே தடிப்பு வந்தது, மருந்து கொடுத்ததும் அடங்கியது. ஆக அஞ்சில் ஒண்ணுதான் நிஜம். அதையும் 'வாழ்நாள் முழுக்க வேண்டாம்'னு எழுதலை. பால், முட்டை அலர்ஜி பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர மறையும். மறு பரிசோதனைத் தேதி அன்னைக்கே சீட்டில் எழுதிக் கொடுத்தாச்சு.

12/ மீன் விஷயத்தில் இன்னொண்ணு. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மாதிரி மீனை ஐஸ் இல்லாம வச்சா அதில் ஹிஸ்டமின் சேரும். சமைச்சாலும் போகாது. சாப்பிட்ட எல்லாருக்கும் முகம் சிவந்து அரிக்கும். அது அலர்ஜி இல்லை, கெட்ட மீன். ஒருத்தருக்கு மட்டும் வந்துச்சா, வீட்ல எல்லாருக்கும் வந்துச்சானு பாருங்க.

13/ நீங்க செய்ய வேண்டியது:
• சந்தேகம் வந்தா உணவு, அளவு, நேரம் எழுதி வைங்க. தடிப்பை போட்டோ எடுங்க.
• ஒண்ணும் ஆகாம சாப்பிடுற குழந்தைக்குச் 'சும்மா ஒரு பேனல் டெஸ்ட்' வேண்டாம்.
• டாக்டர் ஒரு உணவை நிறுத்தச் சொன்னா, 'எப்போ, எங்கே வச்சுத் திரும்பக் கொடுக்கணும்?'னு அங்கேயே கேளுங்க.
• மூச்சுத் திணறல், குரல் மாற்றம், விடாத வாந்தி, துவண்டு போறது: உடனே 108. இவங்களுக்கு வீட்ல சோதனை கூடவே கூடாது.
• முழுக் கடலை தொண்டையில் அடைக்கும். அரைச்சுக் கொடுங்க.

14/ 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 5 வயசுக்குட்பட்ட நாலில் ஒரு குழந்தைக்கு வயசுக்கேத்த உயரம் இல்லை. இந்த நிலைமையில் முட்டை, மீன், பாலைக் காரணமில்லாம நிறுத்துறது சின்ன விஷயம் இல்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியை ராயபுரத்துப் பெரியவங்க இன்னும் 'கஞ்சித் தொட்டி'னுதான் சொல்வாங்க. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊத்தின சத்திரத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது. வடசென்னையில் வைத்தியமே சோறு போட்டுத்தான் ஆரம்பிச்சது.

15/ பையன் போன வாரம் வந்தான். மூணு மாசத்துல ஒரு கிலோ ஏறியிருக்கான். "சங்கரா ஒண்ணு முழுசா துன்றான் சார்"னாங்க பாட்டி. முட்டைக்கு அடுத்த தேதி ஆறு மாசம் கழிச்சு.