எத்தியோப்பியச் சமூக மேம்பாட்டுக் கழகம்

எத்தியோப்பியச் சமூக மேம்பாட்டுக் கழகம், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஆர்லிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட லாப நோக்கற்ற அமைப்பு. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் இ.சி.டி.சி. என்று அறியப்படுகிறது. அமெரிக்காவுக்கு வந்துசேர்ந்த எத்தியோப்பிய அகதிகளுக்குத் துணைநிற்க 1983இல் தொடங்கப்பட்டது. பின்னர் எந்த நாட்டு அகதியையும் குடியமர்த்தும் தேசிய அளவிலான அமைப்புகளுள் ஒன்றாக வளர்ந்தது. பணி உலகளாவியதாக மாறிய பிறகும் பெயரில் எத்தியோப்பியா நீடிக்கிறது.

பின்னணி

1970கள் வரை அமெரிக்காவில் இருந்த எத்தியோப்பியர்கள் சொற்பம். பெரும்பாலோர் மாணவர்கள், தூதரக ஊழியர்கள். படிப்பை முடித்ததும் ஊர் திரும்புவதே வழக்கம்; அங்கே அரசுப் பதவி காத்திருக்கும். 1974 செப்டம்பரில் ராணுவம் பேரரசர் ஹைலே செலாசியைப் பதவியிறக்கியதும் அந்த வழக்கம் முறிந்தது. ஆட்சியைப் பிடித்த டெர்க் என்னும் ராணுவக் குழுவின் தலைமை மெங்கிஸ்து ஹைலே மரியாமின் கைக்குப் போனது. 1977, 78 ஆண்டுகளில் ‘சிவப்புப் பயங்கரம்’ என்று பெயர்பெற்ற வேட்டையில் படித்த இளைஞர்கள் பல்லாயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். தப்பியவர்களில் பலர் கால்நடையாகவே சூடான் எல்லையைக் கடந்து முகாம்களில் தங்கினர்.

அதுவரை அமெரிக்க அகதிக் கொள்கை பெரிதும் கம்யூனிச நாடுகளிலிருந்தும் மத்தியக் கிழக்கிலிருந்தும் தப்பி வருவோரையே கணக்கில் வைத்திருந்தது. 1980 மார்ச்சில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட அகதிகள் சட்டம் அந்த வரம்பை நீக்கியது. அடுத்த பத்தாண்டில் ஆப்பிரிக்காவிலிருந்து அனுமதிக்கப்பட்ட அகதிகளில் மிகப் பெரும்பாலோர் எத்தியோப்பியரே. ஏற்கெனவே மாணவர்களும் தூதரகத்தாரும் இருந்த வாஷிங்டனைச் சுற்றி அவர்கள் குவிந்தனர். நகரின் ஆடம்ஸ் மார்கன் பகுதியில் அவர்களுடைய உணவகங்கள் ஒவ்வொன்றாக முளைத்தன.

தொடக்கம்

கழகத்தின் நிறுவனர் செஹாயே தெஃபெரா ஒரு மொழியியலாளர். எத்தியோப்பியாவில் மக்கள் எந்த இடத்தில் எந்த மொழியைப் பேசுகிறார்கள், எதை எப்படி மதிக்கிறார்கள் என்பதை ஆராய்ந்து ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் 1977இல் முனைவர் பட்டம் பெற்றவர். அகதி அமைப்பு ஒன்றின் தலைவருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி இருக்க முடியாது. எத்தியோப்பியாவில் எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. அம்ஹாரிக் ஆட்சிமொழியாக இருந்தாலும், ஓரோமோவோ திக்ரிஞாவோ தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு அது மேலிருந்து வந்த மொழி. எத்தியோப்பியர் என்றால் அம்ஹாரிக் பேசும் ஒருவரை உட்காரவைத்தால் போதும் என்று நினைக்கும் அலுவலகம், வந்தவரின் பாதிக் கதையைத்தான் கேட்டிருக்கும்.

மொழியோடு சிக்கல் தீர்வதில்லை. எத்தியோப்பியரிடம் குடும்பப் பெயர் என்ற வழக்கம் கிடையாது. தன் பெயரை அடுத்துத் தந்தையின் பெயர் வரும். நம் முன்னெழுத்து முறைக்கு இது நெருங்கிய உறவு. அமெரிக்கப் படிவத்தில் கணவன், மனைவி, பிள்ளைகள் மூவகையினருக்கும் மூன்று கடைசிப் பெயர்கள் விழ, ஒரே குடும்பம்தானா என்று சந்தேகம் எழும். அவர்களுடைய நாட்காட்டியில் மாதங்கள் பதின்மூன்று. ஆண்டுக் கணக்கு நம்முடையதைவிட ஏழெட்டு ஆண்டு பின்னால் ஓடுகிறது. நாளின் மணியும் விடியலிலிருந்து தொடங்குகிறது: நாம் காலை ஏழு என்பது அவர்களுக்கு ஒரு மணி. பிறந்த தேதியை மாற்றி எழுதுவதில் ஒரு பிழை நேர்ந்தால், பள்ளிச் சேர்க்கையிலிருந்து ஓய்வூதியம் வரை அது தொடரும். இத்தகைய இடங்களில்தான் சொந்த நாட்டவர் நடத்தும் சங்கம் தேவைப்பட்டது.

பணிகள்

1990களின் தொடக்கத்தில் இ.சி.டி.சி. அமெரிக்க வெளியுறவுத் துறையோடு ஒப்பந்தம் செய்து அகதிகளை நேரடியாகக் குடியமர்த்தும் பொறுப்பை ஏற்றது. நெடுங்காலம் இப்பொறுப்பில் இருந்த தேசிய அமைப்புகள் ஒன்பது. அவற்றுள் ஆறு கிறிஸ்தவ, யூத சமயப் பின்னணி கொண்டவை. சமயச் சார்பற்ற மூன்றில் ஒன்று இ.சி.டி.சி.; ஆப்பிரிக்கக் குடியேறிகள் தொடங்கியதும் அது ஒன்றே.

வேலை விமான நிலையத்தில் தொடங்கும். வருபவரை எதிர்கொண்டு அழைத்து, வாடகை வீடு பிடித்து, அடுப்படிக்கு வேண்டியதை வாங்கிவைத்து, சமூகப் பாதுகாப்பு அட்டைக்கு விண்ணப்பித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, பெரியவர்களை ஆங்கில வகுப்புக்கும் வேலைக்கும் அனுப்ப வேண்டும். அரசு இதற்குத் தரும் கெடு அதிகபட்சம் தொண்ணூறு நாள். அகதி வந்த விமானத்தின் கட்டணம்கூட இலவசமல்ல. சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு அதை வட்டியில்லாக் கடனாகத் தருகிறது. பிறகு அதைத் தவணையாகத் திருப்பிக் கட்டவேண்டும். புது நாட்டில் வந்திறங்கும்போதே தலையில் கடன் என்பது பலருக்குத் திகைப்பு. தவணையை ஒழுங்காகக் கட்டுவோருக்கு அதுவே வங்கிக் கடன் வரலாற்றின் முதல் வரியாகவும் அமைகிறது.

டென்வர், லாஸ் வேகஸ் ஆகிய நகரங்களில் ஆப்பிரிக்கச் சமூக மையம் என்ற பெயரில் கழகத்தின் கிளைகள் உள்ளன. சிறுதொழில் செய்ய விரும்பும் குடியேறிகளுக்குக் கடனும் ஆலோசனையும் வழங்கத் தொழில் மேம்பாட்டுக் குழு என்ற தனிப் பிரிவு இருக்கிறது. எத்தியோப்பியருக்குக் கூட்டாகப் பணம் சேர்ப்பது புதிதல்ல. ஊரில் எகுப் என்ற ஏற்பாடு நம் சீட்டைப் போன்றது: மாதாமாதம் எல்லோரும் பணம் போட, முறைவைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுப்பார். வாஷிங்டன் வட்டாரத்து எத்தியோப்பியரிடமும் அது நடக்கிறது.

பண்பாடும் பிளவுகளும்

அரசு நிதியில் குடியமர்த்தும் அமைப்பால் பண்பாட்டை முழுதாகச் சுமக்க முடியாது. அந்தச் சுமையை வேறு சங்கங்கள் பகிர்ந்துகொள்கின்றன. வாஷிங்டனில் 1980 முதல் எத்தியோப்பியச் சமூக மையம் ஒன்று இயங்கிவருகிறது. சாவு விழுந்தால் செலவுக்கும் துக்க வீட்டுச் சாப்பாட்டுக்கும் பொறுப்பேற்கும் இதிர் என்னும் ஈமச் சங்கம் கடல் கடந்தும் தொடர்கிறது. உடலைத் தாயகம் அனுப்பும் பெருஞ்செலவும் இப்போது அதன் தலையில். பெரும்பாலும் செப்டம்பர் 11 அன்று வரும் என்குதாதாஷ் என்னும் புத்தாண்டு மைதானங்களில் கொண்டாடப்படுகிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி 2002இல் ஃபேர்ஃபாக்ஸ் சாலையின் ஒரு பகுதிக்கு ‘லிட்டில் எத்தியோப்பியா’ என்று அதிகாரபூர்வமாகப் பெயர் சூட்டியது. வாஷிங்டனின் ஒரு பகுதிக்கும் அப்படிப் பெயர் சூட்ட 2005இல் நடந்த முயற்சி, அங்குள்ள ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் எதிர்த்ததால் கைகூடவில்லை. அது தங்கள் வரலாற்று வீதி என்ற அவர்கள் வாதத்தில் நியாயம் உண்டு.

எல்லாவற்றையும்விடக் கூட்டம் சேர்ப்பது கால்பந்து. 1984இல் தோன்றிய வட அமெரிக்க எத்தியோப்பிய விளையாட்டுக் கூட்டமைப்பு ஜூலை 4 விடுமுறையை ஒட்டி ஆண்டுக்கு ஒரு நகரத்தில் போட்டி நடத்துகிறது. ஆட்டம் ஒரு சாக்கு. பல மாநிலங்களில் சிதறிக் கிடப்போர் இன்ஜெரா ரொட்டி உண்ணவும், இசை கேட்கவும், பெண் பார்க்கவும், பழைய முகங்களைத் தேடவும் வருகிறார்கள்.

ஆனால் எத்தியோப்பியர் என்ற அடையாளமே சர்ச்சைக்குரியது. எரித்திரியா 1993இல் தனிநாடானது. ஓரோமோக்கள் தங்களுக்கெனச் சமூகச் சங்கங்களையும் தனி விளையாட்டுக் கூட்டமைப்பையும் வைத்திருக்கிறார்கள். 1991இல் மெங்கிஸ்து வீழ்ந்ததும் எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபையின் தலைவர் மெர்க்கோரியோஸ் பதவியிழந்து நாட்டைவிட்டு வெளியேற, வெளிநாட்டு மரபுவழித் தேவாலயங்கள் இரு அணியாகப் பிரிந்தன. கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 2018 ஜூலையில் வாஷிங்டனில்தான் சமரசம் ஏற்பட்டது. 2020 நவம்பரில் எத்தியோப்பியாவின் டிக்ரே பகுதியில் போர் மூண்டபோது அதே நகரத் தெருக்களில் எதிரெதிர் அணியினர் ஊர்வலம் போனார்கள். அரசு நிதி பெறும் அமைப்பு இனமோ பூர்விகமோ பார்த்து எவரையும் ஒதுக்கச் சட்டம் இடம்தருவதில்லை. ஆகவே அம்ஹாரா, ஓரோமோ, டிக்ரே, எரித்திரியர் எல்லோரையும் அதே மேசையில்தான் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

நிதி

குடியமர்த்தும் அமைப்புகளின் வருவாய் வரும் அகதிகளின் தலைக்கணக்கைப் பொறுத்தது. அதிபர் ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் உச்சவரம்பு 2020 நிதியாண்டுக்கு 18,000 ஆகச் சுருங்கியபோது நாடெங்கும் கிளைகள் மூடப்பட்டன. பைடன் காலத்தில் அது 1,25,000 ஆக உயர்ந்தது. டொனால்ட் டிரம்ப் இரண்டாம் முறை பதவியேற்ற 2025 ஜனவரி 20 அன்றே அகதிகள் அனுமதித் திட்டத்தை நிறுத்திவைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். நான்கு நாளில் குடியமர்த்தும் பணிக்கும் தடை வந்தது. ஏற்கெனவே வந்திறங்கி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அமைப்புகளை நம்பியிருந்த குடும்பங்களே அதில் முதலில் அடிபட்டன.