பறவைக்கு ஒரு பத்திரம்



நிலத்துக்குப் பட்டா வச்சிருக்கோம், வீட்டுக்கு வரி ரசீது வச்சிருக்கோம். ஆனா நம்ம ஊர்ப் பறவைகளுக்குன்னு ஒரு காகிதம் எழுதி வாங்கி வச்ச ஊர் ஒண்ணு இருக்குன்னு தெரியுமா? மதுராந்தகம் பக்கம் இருக்கிற வேடந்தாங்கல்தான் அது.

அங்கே ஏரிக்குள்ளே நிற்கிற நீர்க்கடம்பு மரங்களில் நத்தை குத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், வக்கா எல்லாம் கூடு கட்டும். அதுகளோட எச்சம் தண்ணியில் விழும். அந்தத் தண்ணி மடை வழியா வயலுக்குப் பாயும். எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கிறதால நெல்லுக்கு அதுவே உரம். காசு கொடுக்காம கிடைக்கிற உரத்தை எந்த விவசாயி விடுவான்?

கம்பெனி ஆட்சிக் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோட வந்து பறவைகளைச் சுட ஆரம்பிச்சாங்க. ஊர்க்காரங்க கலெக்டர்கிட்ட போய் முறையிட்டாங்க. அப்போ கலெக்டரா இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கிற உரிமையை ஊருக்கே கவுலா எழுதிக் கொடுத்தார். இது 1700-களின் கடைசியில் நடந்தது. 1858-ல் அந்த உரிமையைப் புதுப்பிச்சும் வாங்கினாங்க. அதே வருஷம்தான் கம்பெனி ஆட்சியே முடிஞ்சது. ஆட்சி போச்சு, கவுல் நின்னுச்சு. 1936-ல் சரணாலயமா அங்கீகாரமும் கிடைச்சது.

காகிதம் இல்லாமலும் காப்பாத்தின ஊர்கள் உண்டு. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடுறதில்லை. 1977-ல் அந்த வேட்டங்குடியும் சரணாலயம் ஆச்சு. ஆனா வெளியில இருந்து ஒரு பெரிய திட்டம் வரும்போது பழக்கம் மட்டும் போதுமா? இதுக்கு மேலூர் பக்கம் அரிட்டாபட்டியைப் பார்க்கணும்.

அங்கே ஊர்க்காரங்களும் மதுரை இயற்கை ஆர்வலர்களும் பல வருஷமா மலை மலையா ஏறிப் பார்த்துப் பட்டியல் போட்டாங்க. சுமார் 250 வகைப் பறவைகள், அதில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு. தேவாங்கு, அலங்கு, மலைப்பாம்பும் உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.215 ஹெக்டேர் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதுதான் முதல்.

ரெண்டே வருஷத்தில், 2024-ல், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. ஏலப் பரப்பு சுமார் 2,015 ஹெக்டேர். அந்தத் தலமும் அதுக்குள்ளே. எதிர்ப்பு கிளம்பினதும், பல்லுயிர்த் தலத்தை மட்டும் விட்டுட்டு எல்லையை மறுபடி பார்க்கலாமான்னு டிசம்பரில் மத்திய அரசு சொன்னது. கவனிங்க, எழுதி வச்ச 193 ஹெக்டேருக்குத்தான் அந்தப் பேச்சு. மிச்சம் இருந்த கண்மாய், வயல், தோப்புல பறவை இல்லையா? இருந்துச்சு. அதையும் காப்பாத்த 2025 ஜனவரியில் ஜனங்க மேலூர்ப் பக்கமிருந்து மதுரைக்கு நடந்தே போனாங்க. அந்த மாசம் 23-ஆம் தேதி ஏலமே ரத்தாச்சு.

எல்லா ஊருக்கும் அவ்வளவு கூட்டம் சேராது. அதனாலதான் சொல்றேன், எழுதி வைக்கணும். 2002-ஆம் வருஷப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதணும். எந்த மரம், எந்த மீன், எந்த நெல் ரகம், எந்த மூலிகை, எந்தப் பறவைன்னு ஊர்க்காரங்க சொல்லச் சொல்ல எழுதற புஸ்தகம் அது.

நகரத்தில் இருக்கிற சொந்தங்களே, பொங்கலுக்கு ஊருக்கு வர்றீங்க இல்லையா? 2015-லிருந்து பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. பதினைஞ்சு நிமிஷம் கண்மாய்க்கரையில் உட்கார்ந்து பார்த்ததை இபேர்டு செயலியில் ஏத்தினாப் போதும். பக்கத்தில் ஒரு பெரியவரை உட்கார வச்சுக்கங்க. பறவைக்கு ஊர்ப்பேர் அவர் சொல்லுவார், போன்ல ஏத்துறதை நீங்க செய்யுங்க.

முடிஞ்சா ஜனவரி 26 கிராம சபை வரைக்கும் இருந்து, "நம்ம ஊர்ப் பதிவேடு எங்கே, அதில் நம்ம கண்மாய் இருக்கா?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. இல்லைன்னா, எழுதச் சொல்லித் தீர்மானம் போட வைங்க.