டாவோஸ் நிலப்படமும் காஸ்கேட் அட்டவணையும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சனிக்கிழமை பனிச்சறுக்குக்குக் கிளம்புகிறவர் வெள்ளிக்கிழமை இரவு திறந்து பார்ப்பது ஓர் எண் அட்டவணை. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் பக்கம் கிளம்புகிறவர் பார்ப்பது வண்ணம் தீட்டிய நிலப்படம். இருவருக்கும் தெரிய வேண்டியது ஒன்றுதான்: நாளை ஏறப்போகும் சரிவில் பனி நிற்குமா, சரிந்து இறங்குமா?

இவர்கள் லிஃப்டில் ஏறி, அகலமான பாதையில் இறங்கும் கூட்டம் அல்ல. சறுக்குப் பலகைக்கு அடியில் பட்டை ஒட்டிக்கொண்டு, ஆளில்லாத சரிவில் தாமே ஏறித் தாமே இறங்குகிறவர்கள். 'பேக்கன்ட்ரி' என்று அவர்கள் சொல்லும் அந்த இடத்தில் வெடி வைத்துச் சரிவைப் பாதுகாப்பாக்கித் தர யாரும் இல்லை. பனிச்சரிவு முன்னறிவிப்பாளர் தரும் 1 முதல் 5 வரையிலான அபாய நிலை ஒரு வட்டாரம் முழுவதற்குமானது. நாம் நிற்கும் குறிப்பிட்ட சரிவுக்கு வேண்டியதை வானிலை நிலையங்களின் அளவீடுகளிலிருந்து நாமேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த அளவீடுகள் திரைக்கு எப்படி வந்து சேருகின்றன என்பதில்தான் இரண்டு நாடுகளும் பிரிகின்றன.

வாஷிங்டனின் காஸ்கேட் மலைகளில் அளவீடுகளைத் திரைக்குக் கொண்டுவருவது சியாட்டிலில் இருக்கும் வடமேற்குப் பனிச்சரிவு மையம். 1970-களின் நடுவில், மலைக்கணவாய் நெடுஞ்சாலைகளைக் காக்கும் தேவையிலிருந்து பிறந்தது. அதன் அட்டவணையில் மணிக்கு ஒரு வரி: வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் குறைந்த, சராசரி, உச்ச வேகங்கள், திசை, அந்த மணியில் இறங்கிய நீரின் அளவு, 24 மணிப் புதுப்பனி, மொத்தப் பனி ஆழம். ஃபாரன்ஹீட், அங்குலம், மைல் என்ற அமெரிக்க அளவுகள். படம் இல்லை, நிறம் இல்லை. மளிகைக் கடைக் கணக்கு நோட்டைப் போல மேலிருந்து கீழே ஓடும் எண்கள். முதன்முறை பார்ப்பவர் மூடிவிட்டுப் போய்விடுவார். போனவர்மேல் எனக்குக் கோபமும் வராது.

சுவிஸ் தரப்பில் டாவோஸில் இயங்கும் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம். 1930-களில் வைஸ்ஃப்ளூயோக் என்ற மலை முகட்டில் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது. 1990-களின் பிற்பாதியில் இருந்து நாடு முழுதும் தானியங்கி நிலையங்களை நிறுவினார்கள். இன்று அவை 180-க்கு மேல். அவற்றை அமைத்த விதத்திலேயே யோசனை தெரிகிறது. காற்றை அளக்கும் கம்பம் முகட்டில், பனியை அளக்கும் கம்பம் கீழே காற்று அதிகம் படாத சமதளத்தில். இந்த இரண்டும் சேர்ந்தால் பனி எவ்வளவு விழுந்தது, அதைக் காற்று எங்கே கொண்டுபோய்க் குவித்தது என்று ஊகிக்கலாம். அளவீடு அரைமணிக்கு ஒரு முறை. திரையில் வருவது பெரும்பாலும் நிலப்படம்: 24 மணிப் புதுப்பனி, 3 நாள் புதுப்பனி, பனி ஆழம், பல்லாண்டுச் சராசரியோடு ஒப்பிட்ட பனி ஆழம். நிலையத்தைத் தொட்டால் வளைகோடுகள் விரியும்.

எது நல்ல வடிவமைப்பு என்று பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் சுவிஸ் பக்கம் கை காட்டுவார்கள். நான் அந்தப் பத்தாவது ஆள். முழுமனதோடு அல்ல, ஆனாலும் பத்தாவது ஆள்தான். காரணத்தைச் சொல்ல ஸ்னோக்வால்மி கணவாய்க்குப் போக வேண்டும்.

சியாட்டிலிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில், ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது அது. பசிபிக்கிலிருந்து புயல் நெருங்கும்போது, மலைக்குக் கிழக்கே தேங்கிக் கிடக்கும் குளிர்க்காற்று கணவாய் வழியாக மேற்கே உறிஞ்சப்படும். கணவாய் மட்டத்தில் குளிர், அதற்கு மேலே கடலிலிருந்து வரும் வெதுவெதுப்பு. அடிவாரத்தைவிட உச்சி சூடாக இருக்கும் இந்தத் தலைகீழ் நிலையில் கீழே உலர்பனி குவிந்துகொண்டே போகும். புயல் முகப்பு கடந்ததும் காற்று மேற்குக்குத் திரும்பும். தேங்கிய குளிர் துடைத்தெறியப்படும். பனி மழையாகும். உலர்ந்த புதுப்பனிமேல் மழை விழத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே சரிவுகள் இறங்கக்கூடும். இதே கணவாய்ப் பகுதியில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

இப்போது அல்பென்டால் பனிச்சறுக்குத் தளத்தின் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிவாரம், நடுமலை, உச்சி என்று ஏறத்தாழ 3,100, 4,350, 5,470 அடிகளில் மூன்று நிலையங்கள். மூன்றின் வெப்பநிலையும் ஒரே வரியில் பக்கம் பக்கமாக. எடுத்துக்காட்டுக்கு ஓர் இரவைக் கற்பித்துக்கொள்வோம். நள்ளிரவு வரியில் 28, 29, 34: உச்சிதான் சூடு. காற்றின் திசை 100 பாகை, அதாவது கிழக்கு. அதிகாலை 4 மணி வரியில் 35, 34, 33. திசை 260. மணிக்கு விழும் நீரின் அளவு குறையவே இல்லை. இந்த இரண்டு வரிகளைப் படிக்கத் தெரிந்தவர் காபியைக் குடித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார். அதே நேரத்தில் 24 மணிப் புதுப்பனி நிலப்படம் ஒன்று இருந்திருந்தால், அது அந்த வட்டாரம் முழுவதையும் ஓர் அழுத்தமான நீலத்தில் காட்டி, ஏராளமான புதுப்பனி என்று ஆசை மூட்டியிருக்கும்.

24 மணிக் கூட்டுத்தொகை என்பதே ஒளித்து வைக்கும் எண். முப்பது சென்டிமீட்டர் பனி நேற்றுக் காலையே விழுந்து ஒரு பகல் முழுதும் அமுங்கியதா, இன்று விடியலுக்கு முந்தைய நான்கு மணி நேரத்தில் கொட்டியதா? இரண்டுக்கும் ஒரே நிறம். பனியின் ஆழத்தைவிட அது ஏறும் வேகமும் அதன் எடையும்தான் சரிவை முறிக்கின்றன. காஸ்கேட் அட்டவணை நீரின் அளவை மணிவாரியாகத் தருவதால் எடை நேரடியாகத் தெரிகிறது. சுவிஸ் தானியங்கி நிலையங்கள் சூரிய மின்சாரத்தில் ஓடுகின்றன. பனியை உருக்கி நீராக அளக்கும் அளவுக்கு அங்கே மின்சாரம் இல்லை. அதனால் அவற்றின் புதுப்பனி எண், ஆழமானியின் அளவீட்டிலிருந்து பனி அமுங்குவதையும் கணக்கில் கொண்டு ஒரு கணினி மாதிரி வருவிப்பது. நல்ல மாதிரிதான். ஆனால் அளந்த எண் வேறு, கணக்கிட்ட எண் வேறு.

அட்டவணையின் பெரிய குறை அதன் அளவுமுறையிலேயே இருக்கிறது. ஃபாரன்ஹீட்டில் 31 என்பதும் 33 என்பதும் பக்கத்து வீட்டு எண்கள். உறைநிலைக் கோடு அவற்றுக்கிடையே ஓடுவதைக் கண் உணராது. செல்சியஸில் அந்த வேலையைக் கழித்தல் குறி செய்துவிடுகிறது. 32-க்கு மேலுள்ள எண்களை வேறு நிறத்தில் அச்சிட்டாலே போதும். பாதிப் பிரச்சினை தீரும். பச்சை, சிவப்பு வேண்டாம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு அவற்றைப் பிரித்தறிவதில் குறை உண்டு.

சரி, சுவிஸ் நிலப்படம் எங்கே வெல்கிறது? கடலோரக் காஸ்கேட்டில் பனி ஆழமானது, ஆபத்து பெரும்பாலும் புயலோடு வந்து புயலோடு போவது. டாவோஸைச் சுற்றிய கிராவுபுண்டன் உள்மலைகளில் கதை வேறு. அங்கே ஆபத்து வாரக்கணக்கில் அடியில் படுத்திருக்கும். பனிக்கு அடியில் தரை ஏறத்தாழ பூஜ்யம் டிகிரியில் இருக்கும். தெளிந்த இரவில் பனியின் மேற்பரப்பு -15 டிகிரிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பனி இரண்டு மீட்டர் ஆழமென்றால் மீட்டருக்கு 7.5 டிகிரி வேறுபாடு. அரை மீட்டர்தான் ஆழமென்றால் மீட்டருக்கு 30 டிகிரி. மீட்டருக்கு 10 டிகிரியைத் தாண்டினாலே பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத, சர்க்கரை போன்ற மணிகளாக மாறத் தொடங்கும். பின்னால் விழும் பனியெல்லாம் அந்த மணல்மேல்தான் உட்காரும்.

எந்த மணிவாரி அட்டவணையும் இதைக் காட்டாது. காட்டுவது, பருவத் தொடக்கத்திலிருந்து ஓடும் பனி ஆழ வளைகோடும், பல்லாண்டுச் சராசரியோடு ஒப்பிடும் நிலப்படமும். இந்தப் பருவம் எப்படித் தொடங்கியது என்ற கேள்விக்குச் சுவிஸ் திரையில் ஒரே பார்வையில் விடை உண்டு.

விடை உண்டு, ஆனால் நிறம் அதைத் தலைகீழாகச் சொல்கிறது. சராசரிக்கும் குறைந்த பனி உள்ள வட்டாரத்தைக் கண்டதும் புதியவருக்குத் தோன்றுவது, குறைந்த பனி, குறைந்த ஆபத்து. மேலே போட்ட கணக்கின்படி அந்த மெல்லிய பனிதான் நம்ப முடியாதது. புதுப்பனிப் படத்திலும் இதே சிக்கல். சுவிஸ் மலையேறிகளுக்குக் கற்றுத்தரும் விதிப்படி, பலத்த காற்றும் கடுங்குளிரும் வழுக்கும் பழைய பனிப்பரப்பும் சேர்ந்த இடத்தில் 10 முதல் 20 சென்டிமீட்டர் புதுப்பனியே அபாய அளவு. சூழல் சாதகமாக இருந்தால் அந்த அளவு 30 முதல் 50 வரை உயரும். ஆக, படத்தில் ஒரே நிறத்தில் கிடக்கும் இரண்டு பள்ளத்தாக்குகளில் ஒன்று விளையாட்டு மைதானமாகவும் மற்றது பொறியாகவும் இருக்கலாம். காற்றைத் தனிப்படத்தில் வைத்துப் பனியை வேறொரு படத்தில் வைத்தால் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வேலை பயனர் தலையில் விழுகிறது. முகட்டில் ஒரு கம்பம், அடியில் ஒரு கம்பம் என்று அவ்வளவு யோசித்து நட்டவர்கள், திரையில் அந்த ஜோடியைப் பிரித்துவிட்டது எனக்கு விளங்கவில்லை.

உண்மையில் இரண்டு திரைகளுமே வார இறுதிப் பனிச்சறுக்கருக்காகப் பிறந்தவை அல்ல. அட்டவணை நெடுஞ்சாலைப் பனிச்சரிவுக் குழுக்களின் குறிப்பேட்டு வழக்கத்திலிருந்து வந்தது. சுவிஸ் நிலையங்கள் மாநிலங்களும் ஊராட்சிகளும் சாலை மூடலாமா, வீடுகளைக் காலி செய்யலாமா என்று முடிவெடுப்பதற்காக நட்டவை. இருதரப்பிலும் அந்தத் தொழில்முறையாளர்கள் பருவம் முழுதும் தினமும் பார்க்கிறவர்கள். இன்றைய எண்ணுக்கு முந்தைய எண் அவர்கள் நினைவில் இருக்கும். பனிச்சறுக்கருக்கு அந்த நினைவு இல்லை. அதைத் திரைதான் தர வேண்டும்.

அப்படி ஒரு திரை செய்யப் புறப்படுகிறவருக்கு என் தீர்ப்பு இது: அட்டவணையை எலும்பாக வைத்துக்கொள்ளுங்கள், நிலப்படத்தை முகப்பாக மட்டும் வையுங்கள். மூன்று உயரங்களின் வெப்பநிலை ஒரே நேரக்கோட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடட்டும், உறைநிலைக் கோடு தடிமனாக இருக்கட்டும். முகட்டுக் காற்றும் அதற்குக் கீழுள்ள சமதளத்தின் புதுப்பனியும் ஒரே சட்டகத்தில் வரட்டும். வினாடிக்கு 7 மீட்டர் அளவிலேயே காற்று தளர்ந்த பனியைப் பெயர்த்து மறுபக்கச் சரிவில் சேர்க்கத் தொடங்கிவிடும். அந்த எல்லை தாண்டிய மணிகளுக்கு நிழல் போடுங்கள். பருவ வளைகோட்டைச் சுவிஸ் நிறுவனம் வரைவது போலவே வரையுங்கள், அதில் திருத்த ஒன்றும் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இரண்டு திரைகளிலும் போதாமல்தான் இருக்கிறது. ஈரக்காற்று உறைநிலைக்குக் கீழே வீசும்போது காற்றுமானியின்மேல் பனிக்கட்டி பூத்து அது நின்றுவிடும். முகட்டில் காற்று வெறிபிடித்து அடிக்கும் இரவில்தான் இது அடிக்கடி நடக்கிறது. கருவி பழுது என்று சொல்லாது. பூஜ்யம் என்று சொல்லும். புதுப்பனியை அளக்க வைத்த பலகையைக் காலையில் துடைக்க ஆள் வராவிட்டால் முந்தைய நாள் பனியும் இன்றைய கணக்கில் சேரும். அளக்காததை அளந்ததுபோல் காட்டாமல், சந்தேகமான கட்டத்தைச் சாம்பல் நிறமாக்க ஒரு நிரலாளருக்கு ஒரு நாள் வேலை: ஈரப்பதம் உச்சத்தில், வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே, பக்கத்து முகட்டில் பலத்த காற்று, இங்கே மட்டும் மணிக்கணக்கில் பூஜ்யம் என்றால் கட்டம் சாம்பல். அதை யாராவது செய்யும்வரை, புயலுக்கு நடுவே காற்றின் பத்தியில் வரிசையாகப் பூஜ்யங்களைக் கண்டால் காற்றில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முகட்டின் நிலையத்தைத் திறந்து பாருங்கள்.